கத்தி காத்திருக்கட்டும்

சிறுநீர் சிவந்து போகும், வலி இருக்காது. இரண்டு நாளில் தானாகத் தெளிந்தும் விடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் முதல் தகவலை அனுப்புகிறது. வட தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் மட்டுமல்ல, வேலூரிலும் சென்னையிலும்கூட அதற்கு முதலில் கிடைக்கும் பெயர் ‘சூடு’. இளநீர், ஊறவைத்த வெந்தயம், நன்னாரி என்று கைவைத்தியம் நடக்கும். ரத்தம் நிற்பது இவற்றால் அல்ல. விட்டுவிட்டுக் கசிவது இந்தப் புற்றின் இயல்பு. ஆனால் நின்ற பெருமை இளநீருக்குப் போய்விடும். அடுத்த முறை சிவக்க மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். பெண்களுக்கு இன்னும் மோசம். மாதவிடாய்க் கோளாறு என்றோ நீர்க்கடுப்பு என்றோ சொல்லி, ஆன்டிபயாடிக் மாத்திரை மேல் மாத்திரையாகக் கொடுத்துக் காலம் கடத்தப்படுகிறது.

உலகம் முழுக்க ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குப் புதிதாக வரும் நோய் இது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புற்று சிறுநீர்ப்பையின் உட்படலத்தோடு நின்றிருக்கும். சிறுநீர்த் துவாரம் வழியாகக் கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்து, பிறகு பைக்குள் பி.சி.ஜி. மருந்தை வாராவாரம் விட்டுக் காப்பாற்றிவிடலாம். காசநோய்க்குப் போடும் அதே பி.சி.ஜி.தான், 1976-ல் கனடாவின் ஆல்வரோ மொராலஸ் சிறுநீர்ப்பைக்கு அதன் பயனை எழுதினார். அது தனிக் கதை. இந்த அத்தியாயம் மீதிக் கால்வாசிப் பேரைப் பற்றியது: உட்படலத்தைத் தாண்டி, சிறுநீரை வெளியே தள்ளும் தசைச் சுவருக்குள் புற்று வேர்விட்டவர்கள்.

இவர்களுக்கு மருத்துவம் நெடுங்காலம் ஒரே வழியைத்தான் வைத்திருந்தது. சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவது. ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பியும் சேர்ந்து போகும். பெண்களுக்குப் பெரும்பாலும் கருப்பையும். 1950-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் யூஜின் பிரிக்கர் சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, சிறுநீரகக் குழாய்களை அதில் பொருத்தி, மறுமுனையை வயிற்றில் திறந்துவிடும் முறையை விவரித்தார். அந்தத் திறப்பின் மேல் ஒட்டப்படும் பையில் சிறுநீர் சேரும். இன்றும் பெரும்பாலோருக்குச் செய்வது அதைத்தான்.

அறுவை நன்றாகவே நடந்தது. புற்று இருந்த உறுப்பே போய்விட்டது. ஆனாலும் ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள். நோய் பெரும்பாலும் திரும்பி வந்தது சிறுநீர்ப்பை இருந்த இடத்தில் அல்ல. நுரையீரலில், எலும்பில், கல்லீரலில். பூத்து விதை உதிர்த்துவிட்ட களையைச் சாமைக் கொல்லையிலிருந்து பிடுங்கி எறிவதைப் போலத்தான் இது. செடி போகும், அடுத்த மழைக்கு விதை முளைக்கும். எந்த ஸ்கேனிலும் தெரியாத சின்னஞ்சிறு உயிரணுக் கூட்டங்கள் அறுவைக்கு முன்பே ரத்தத்தில் கிளம்பிப் போயிருந்தன. அவற்றைக் கத்தியால் தொட முடியாது. ரத்தத்தோடு ஓடும் மருந்தால்தான் முடியும்.

அந்த மருந்துகள் வந்து சேர்ந்த வழிகள் விசித்திரமானவை. 1960களின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற இயற்பியலாளர், பாக்டீரியாக்கள் இருந்த கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியாக்கள் சாகவில்லை, பிரியவும் இல்லை. இழைபோல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல என்று தெரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. மின்முனையாக வைத்திருந்த பிளாட்டினம் கரைசலோடு வினைபுரிந்து ஒரு சேர்மத்தை உண்டாக்கியிருந்தது. 1840களிலேயே இத்தாலியர் மிகேலே பெய்ரோனே தயாரித்து வைத்துவிட்டுப் போன உப்புதான் அது. டி.என்.ஏ.வின் இழைகளில் குறுக்கே மாட்டிக்கொண்டு உயிரணு பிரியவிடாமல் தடுக்கிறது. 1978-ல் சிஸ்பிளாட்டின் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இன்றுவரை முதுகெலும்பாக நிற்கும் மருந்து.

இன்னொரு மருந்தின் வேர் சென்னையில் இருக்கிறது. பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை வகுப்பில் கதர் அங்கி அணிந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். 1923-ல் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். பிற்பாடு லெடர்லி ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு, உயிரணுக்கள் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலத்தைப் போல வேடமிட்டு அவற்றைப் பட்டினி போடும் பொருள்களை உருவாக்கியது. அந்தக் குடும்பத்தில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். சுப்பாராவ் 1948-ல் இறந்துபோனார். தன் மருந்து எத்தனை புற்றுகளுக்குப் போகப்போகிறது என்று பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

மூன்றாவது மருந்து நம் வீட்டு வாசலிலேயே பூக்கிறது. நித்தியகல்யாணி, சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி. ஜமைக்காவில் இதன் இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள் என்ற தகவலோடு ஒரு பொட்டலம் 1952-ல் கனடா வந்து சேர்ந்தது. ஆய்வாளர் ராபர்ட் நோபிள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. வேறு யாராவது என்றால் பொட்டலத்தைக் குப்பையில் போட்டிருக்கலாம். அவரும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் சேர்ந்து அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இந்தச் செடி பயிராகி, வேரும் இலையும் மருந்துக்காக ஏற்றுமதியாகின்றன.

நான்காவது, இத்தாலிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரின் சிவப்பு நிறமியிலிருந்து பிறந்த டாக்சோரூபிசின். இது ஏறிய ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவந்து போகும். ரத்தம் போனதால் மருத்துவமனைக்கு வந்தவர் மறுபடி சிவப்பைப் பார்த்தால் என்ன நினைப்பார்? மருந்தேற்றும் செவிலியர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது வழக்கம்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் கோரா ஸ்டெர்ன்பெர்க்கும் ஆலன் யகோடாவும் இந்த நான்கையும் சேர்த்து 1985-ல் வெளியிட்ட கூட்டுக்கு மருத்துவர்கள் வைத்த சுருக்கப் பெயர் ‘எம்-வேக்’. உடலெங்கும் பரவிவிட்ட சிறுநீர்ப்பைப் புற்றும் அதற்குச் சுருங்கியது. உடனே ஒரு கேள்வி எழுந்தது. பரவிய கட்டியையே சுருக்கும் மருந்து, கண்ணுக்குத் தெரியாத சிதறலை அழிக்காதா? அழிக்கும் என்றால் அதை எப்போது கொடுப்பது?

அறுவைக்குப் பிறகு என்பதுதான் சட்டென்று தோன்றும் பதில். நடைமுறையில் அங்கேதான் சிக்கல். சிறுநீர்ப்பையை எடுப்பது வயிற்று அறுவைகளிலேயே பெரியவற்றுள் ஒன்று. வருபவர்களோ பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். புண் ஆறாமை, தொற்று, குடல் அடைப்பு, சிறுநீரகத் தளர்ச்சி என்று ஏதாவது ஒன்றால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கீமோ ஏற்றவே முடியாமல் போகிறது. அறுவைக்கு முன் உடம்பில் தெம்பு இருக்கும், சிறுநீரகம் வேலை செய்யும். இன்னொரு லாபமும் உண்டு: கட்டி கண்முன்னே இருப்பதால், மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே கொடுக்கலாம்.

இதை நிரூபிக்க அமெரிக்காவில் 1987-ல் தொடங்கிய ஆய்வு 317 பேரைச் சேர்த்து முடிக்க 11 ஆண்டு பிடித்தது. பாதிப் பேருக்கு நேராக அறுவை. மறுபாதிக்கு மூன்று சுற்று எம்-வேக், பிறகு அறுவை. 2003-ல் முடிவு வெளியானது. நேராக அறுவைக்குப் போனவர்களின் இடைநிலை ஆயுள் 46 மாதம். மருந்து முந்திக்கொண்டவர்களுக்கு 77 மாதம். வெட்டியெடுத்த சிறுநீர்ப்பையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 38 பேரிடம் புற்றே மிச்சமில்லை. மருந்து பெறாதவர்களில் அது 15. அந்த 15 பேருக்கு முதலில் சுரண்டி எடுத்ததிலேயே கட்டி முழுவதும் வந்துவிட்டிருந்தது.

77, 46 என்ற எண்கள் கண்ணைப் பறிக்கும். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டி, ஏறக்குறைய 3,000 நோயாளிகளை வைத்துக் கணக்கிட்டபோது கிடைத்த எண் அடக்கமானது: ஐந்தாம் ஆண்டில் உயிரோடிருப்பவர்கள் நூற்றுக்கு 45-லிருந்து 50. வெறும் ஐந்து பேர்தானா என்று உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் இதில் புதிய மருந்து எதுவும் இல்லை, புதிய கத்தியும் இல்லை. இருந்த மருந்தைக் கத்திக்கு முன்னால் வைத்ததால் கிடைத்த ஐந்து. மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக உயிர் கிடைப்பது அரிது என்றே சொல்ல வேண்டும்.

அப்படியும் மருத்துவ உலகம் அவசரப்படவில்லை. அமெரிக்காவிலேயே 2000களின் தொடக்கத்தில் தகுதியானவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் முன்கூட்டிய கீமோ கிடைத்தது. நோயாளியை முதலில் பார்ப்பவர் அறுவை மருத்துவர். புற்றைக் கண்ட பிறகு மூன்று மாதம் அதை உள்ளேயே வைத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டுக்கு மருந்து முதலில் என்ற இந்த வரிசை அவ்வளவு அந்நியமாக இருந்திருக்கக் கூடாது. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும், முற்றிய வாய்ப்புற்றுக்கு மருந்தையும் கதிர்வீச்சையும் இணைத்துக் கொடுத்து 1970களிலேயே ஆய்வு வெளியிட்டவர்கள். பெரிதாகிவிட்ட மார்பகக் கட்டிகளுக்கு மருந்தும் கதிர்வீச்சும் முதலில், கத்தி பிறகு என்பது அங்கே பல்லாண்டுப் பழக்கம். முற்றிய நிலையில் வருபவர்களே அதிகம் என்பதால் வந்த பாடம் அது.

இனி மலைக்கு வருவோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் கால் நீட்டிக் கிடக்கிறது ஜவ்வாது மலை. மலையாளிப் பழங்குடிகள் சாமையும் பலாவும் விளைவித்து வாழும் ஊர்கள். அதே மலையில் காவலூரில் 1986-லிருந்து நாட்டின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றான 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது. 1879-ல் மாக்சிமிலியன் நிட்சே வியன்னாவில் செய்து காட்டிய சிஸ்டோஸ்கோப்பும் வில்லை பொருத்திய குழாய்தான். வானத்தைப் பார்க்கும் குழாய் மலைக்கு மேலே வந்துவிட்டது. சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாய்க்கு மட்டும் இன்னும் மலை இறங்க வேண்டும்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இந்த நோய் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை ஆகும். ஸ்கேனும் சிஸ்டோஸ்கோப்பியும் கீழே. வேலூர் சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியோ, அல்லது காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969-லிருந்து இயங்கும் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையோ. கட்டியைச் சுரண்டி எடுக்கும்போது அடியிலிருக்கும் தசையும் சேர்ந்து வர வேண்டும். தசை வராவிட்டால் புற்று எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியாது. மறுபடி சுரண்ட வேண்டியதுதான். அதற்கு இன்னொரு பயணம்.

இப்போது பெரும்பாலும் எம்-வேக் கொடுப்பதில்லை. 2000-ல் வந்த ஒப்பீட்டில், ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்த இரட்டை மருந்து, பரவிய நோயில் ஏறக்குறைய அதே ஆயுளைக் குறைந்த பக்கவிளைவோடு தந்தது. மூன்று வாரம் ஒரு சுற்று. முதல் நாள் இரண்டு மருந்தும், எட்டாம் நாள் ஜெம்சிடபின் மட்டும். நான்கு சுற்று என்றால் எட்டு முறை மலையிறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை. அணுக்கள் குறைந்திருந்தால் ‘அடுத்த வாரம் வாங்க’. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைச் சுடும் மருந்து என்பதால் அதற்கு முன்னும் பின்னும் லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றியாக வேண்டும். காலையில் படுக்கை கிடைத்தாலும் முடிய மாலையாகிவிடும். கடைசி மலைப் பேருந்து போய்விட்டால் இரவு கீழேதான்.

சிறுநீரகம் நிமிடத்துக்கு 60 மில்லி ரத்தத்தையாவது சுத்திகரித்தால்தான் முழு அளவு சிஸ்பிளாட்டின் தர முடியும் என்பது பொது விதி. கொடுமை என்னவென்றால், தசைக்குள் வளர்ந்த புற்றே சிறுநீரகக் குழாயின் வாயை அடைத்துவிடுவது உண்டு. தாமதமாக வருபவரின் சிறுநீரகம் ஏற்கெனவே வீங்கியிருக்கும். முதுகுப் பக்கமாகக் குழாய் போட்டுச் சிறுநீரை வடியவிட்டு, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இறங்காவிட்டால் கார்போபிளாட்டினைப் போடலாமே என்று தோன்றும். அது சிறுநீரகத்துக்குச் சாதுவானது. ஆனால் அறுவைக்கு முன் கொடுத்து ஆயுள் கூடியதற்குச் சான்று இல்லை. அப்படிப்பட்டவர் நேராக அறுவைக்குப் போவதே மேல்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது காய்ச்சல். மருந்தேற்றிய பத்தாம் நாளை ஒட்டி வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது; சில மணி நேரத்திலேயே தொற்று உயிரைக் குடித்துவிடும். நகரத்தில் இது ஆட்டோ பிடிக்கும் விஷயம். மலையில் கதை வேறு. 2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியத்தின் அல்லேரி மலைப் பகுதியில், பாம்பு கடித்த குழந்தையைச் சாலை இல்லாததால் நேரத்துக்கு மருத்துவமனை சேர்க்க முடியாமல் போனதும், திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் பிள்ளையின் உடலைச் சுமந்து நடந்ததும் நாடு முழுக்கச் செய்தியானது. அதே மலைத்தொடர்தான். அத்தகைய ஊர்க்காரருக்குக் கீமோ எழுதும் மருத்துவர், மருந்தின் அளவோடு வீட்டிலிருந்து தார்ச்சாலை எவ்வளவு தூரம் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பணம்? மருந்தைப் பொறுத்தவரை இது பெரிய தடை இல்லை. சிஸ்பிளாட்டின் குப்பி சில நூறு ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கீமோவுக்கும் அறுவைக்கும் செல்லும். அட்டை தராதது, மூன்று மாதம் கொல்லைக்குப் போகாத கூலியும் கூடவந்த மகனின் கூலியும்.

இரண்டாம் சுற்று முடிவதற்குள் பலருக்கு ரத்தக் கசிவு நின்றுவிடும். எரிச்சல் போகும், பசி எடுக்கும். ‘மருந்திலேயே கரைஞ்சு போச்சு, எதுக்கு வெட்டணும், எதுக்குப் பையைக் கட்டிக்கிட்டுத் திரியணும்?’ என்று வீட்டில் பேச்சு வரும். நியாயமான கேள்விதான். கீமோவுக்குப் பிறகு சிஸ்டோஸ்கோப்பில் புற்றே தெரியாத 10 பேருக்கு உடனே சிறுநீர்ப்பையை எடுத்துப் பார்த்தது ஓர் அமெரிக்க ஆய்வு. ஆறு பேரிடம் புற்று உள்ளே இருந்தது. எண்ணிக்கை சிறியது என்றாலும் எச்சரிக்கை பெரியது. பை வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு நேர்மையான மாற்று ஒன்று உண்டு: கட்டியை முழுதாகச் சுரண்டிவிட்டு, கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துக் கொடுப்பது. பொருத்தமானவர்களைத் தேர்ந்தெடுத்தால் பலருக்குச் சிறுநீர்ப்பை நிலைக்கிறது. ஆனால் அதற்கு ஆறேழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், கதிர்வீச்சு தரும் லீனியர் ஆக்சிலரேட்டர் கருவி உள்ள ஊரில் தங்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் சிஸ்டோஸ்கோப்பி. ஏதோ ஒரு காரணத்தால் தொடர்ந்து வர முடியாதவருக்கு இந்த வழி ஆபத்தானது.

இந்த மலையின் வடக்கு அடிவாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழே பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. தோல் பதனிடும் ஊர்கள். 1895-ல் பிராங்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை பார்த்த 45 பேரில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி இருப்பதைக் கவனித்தார். தொழிலால் வரும் புற்றுகளின் வரலாற்றில் முக்கியமான பக்கம் அது. பிற்பாடு பென்சிடின் போன்ற சேர்மங்கள் குற்றவாளிகள் என்று தெரிந்தது. அவற்றைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீர்ப்பையில் சேர்க்கிறது; மணிக்கணக்கில் அங்கே தேங்குகின்றன. தோலுக்குச் சாயமேற்றவும் பென்சிடின் சார்ந்த சாயங்கள் புழங்கிய காலம் உண்டு. ஜெர்மனி 1994-ல் தடைபோட்ட பிறகு ஏற்றுமதிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். இந்தியாவும் 1990களில் தடைசெய்தது. ஆனால் இந்தப் புற்று இருபது, முப்பது ஆண்டு கழித்தும் தலைகாட்டும். ஆகவே இன்று எழுபது வயதில் ரத்தச் சிறுநீரோடு வருபவரிடம் ‘இப்ப என்ன வேலை?’ என்று கேட்டுப் பயனில்லை. 1980களில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்க வேண்டும். பீடியைப் பற்றியும் கட்டாயம் கேட்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுகளில் ஏறக்குறையப் பாதிக்குப் புகையிலையே காரணம்.

வரிசை மாற்றத்தின் கதை இன்னும் நீள்கிறது. 2024 செப்டம்பரில் வெளியான நயாகரா ஆய்வில் 1,063 பேர். எல்லோருக்கும் அறுவைக்கு முன் ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும். பாதிப் பேருக்கு அதோடு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் துர்வாலுமாப் ஊசி, அறுவைக்கு முன்னும் பின்னும். இரண்டாம் ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 75-லிருந்து 82 ஆனார்கள். இந்த ஊசி ஒரு தவணைக்கே லட்சத்தைத் தாண்டும் என்பதால் மலைக்காரருக்கு இப்போதைக்கு எட்டாக்கனி. பழைய மருந்தையும் அலட்சியமாக நினைக்க முடியாது. 2022 இறுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் குஜராத்தின் இன்டாஸ் ஆலையில் தரக் குறைபாடுகளைக் கண்டதால் உற்பத்தி நின்றபோது, அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளே 2023-ல் சிஸ்பிளாட்டினை யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் போட வேண்டி வந்தது. அவர்களுக்கு வரும் சிஸ்பிளாட்டினில் ஏறக்குறையப் பாதி அந்த ஓர் ஆலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

ஆனால் ஜவ்வாது மலைக்கு மருந்து பற்றாக்குறை இல்லை; குறைவது தூரத்தைச் சுருக்கும் ஏற்பாடுதான். 2025 பிப்ரவரி மத்திய வரவு செலவுத் திட்டம், மூன்று ஆண்டுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் வரும் என்றது. சிஸ்பிளாட்டின் ஏறும் முதல் நாளைப் பெரிய மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளலாம். எட்டாம் நாள் ஜெம்சிடபின் அரைமணி நேர டிரிப்தான். ரத்த எண்ணிக்கை பார்க்க ஓர் ஆய்வகமும், கீமோ பழகிய ஒரு செவிலியரும், வேலூர் மருத்துவரோடு பேச ஒரு தொலைபேசியும் இருந்தால், அதைத் திருப்பத்தூரிலோ திருவண்ணாமலையிலோ போட்டுக்கொண்டு மதியப் பேருந்தில் வீடு திரும்பிவிடலாம். வேலூருக்கு எட்டு முறை போக வேண்டியவர் நான்கு முறை போனால் போதும்.